கணக்குப் புத்தகம் வழியாக வந்த போர்

1915ஆம் ஆண்டின் முதல் பாதியில், அமெரிக்காவின் இரு கரைகளிலிருந்தும் தோட்டாக்களை ஏற்றிக்கொண்டு இரண்டு கப்பல்கள் கிளம்பின. ஒன்று ஆனி லார்சன் என்ற பாய்மரக் கப்பல். மார்ச் மாதம் கலிபோர்னியாவின் சான் டியேகோவிலிருந்து புறப்பட்ட அதில் 8,000-க்கும் மேற்பட்ட ரைபிள்களும் சுமார் 40 லட்சம் தோட்டாக்களும் இருந்தன. ஜெர்மன் பணத்தில் வாங்கிய சரக்கு. அமெரிக்காவில் குடியேறிய இந்தியர்களின் கதர் கட்சிக்காரர்களும் வங்கப் புரட்சியாளர்களும் இந்தியாவில் எழுச்சி செய்யக் காத்திருந்தது இந்த ஆயுதங்களுக்காகத்தான். நடுக்கடலில் மேவரிக் என்ற கப்பலுக்குச் சரக்கை மாற்றுவதாகத் திட்டம். இரண்டு கப்பல்களும் சந்திக்கவே இல்லை. அலைந்து திரிந்து ஜூன் கடைசியில் வாஷிங்டன் மாநிலத்தின் ஹோக்வியம் துறைமுகத்துக்கு வந்த ஆனி லார்சனை அமெரிக்கச் சுங்கத்துறை பிடித்துக்கொண்டது. நடுநிலைச் சட்டத்தை மீறிச் சதி செய்ததாகப் பின்னர் சான்பிரான்சிஸ்கோவில் வழக்கு நடந்தது. வங்கப் புரட்சியாளர்களின் தலைவர் பாகா ஜதீன் ஆயுதம் வந்து சேராமலே, செப்டம்பரில் பாலசோர் பக்கம் போலீசாருடன் நடந்த மோதலில் குண்டடிபட்டு இறந்தார்.

இன்னொரு கப்பல் லூசிடானியா. மே 1ஆம் தேதி நியூயார்க்கிலிருந்து லிவர்பூலுக்குக் கிளம்பிய பிரிட்டிஷ் பயணிக் கப்பல். அதன் சரக்கில் சுமார் 42 லட்சம் ரைபிள் தோட்டாக்கள் இருந்தன. யாரும் தடுக்கவில்லை, தடுக்கச் சட்டமும் இல்லை. நடுநிலை நாட்டு வணிகர் போரிடும் நாட்டுக்கு ஆயுதம் விற்கலாம், ஆனால் நடுநிலை மண்ணிலிருந்து இன்னொரு நாட்டின் மீது படையெடுப்புக்கு ஏற்பாடு செய்யக் கூடாது. அன்றைய சர்வதேச வழக்கம் அப்படி. அந்த வழக்கப்படி சுங்கத்துறை செய்ததும் சரி, துறைமுகம் செய்ததும் சரி.

முதல் உலகப் போருக்குள் அமெரிக்கா போன கதையில் என்னை உலுக்குவது இதுதான். ஒவ்வொரு முடிவும் சட்டப்படி சரியாக இருந்தது. எல்லாவற்றையும் கூட்டிப் பார்த்தால், ஒரு பக்கம் சாய்ந்த நாடு கிடைக்கிறது.

1914 ஆகஸ்டில் போர் வெடித்தபோது அதிபர் உட்ரோ வில்சன் நடுநிலையை அறிவித்ததோடு நிற்கவில்லை. செயலில் மட்டுமல்ல, எண்ணத்திலும் நடுநிலை வேண்டும் என்று மக்களைக் கேட்டுக்கொண்டார். அதற்குக் காரணம் இருந்தது. ஜெர்மனியில் பிறந்தவர்களும் அவர்கள் பிள்ளைகளுமாக 80 லட்சம் பேர் அந்த நாட்டில் இருந்தார்கள். பிரிட்டனை வெறுத்த ஐரிஷ்காரர்கள் லட்சக்கணக்கில் இருந்தார்கள். ஐரோப்பியப் போரில் ஒரு பக்கம் சேர்ந்தால் வீட்டுக்குள்ளேயே சண்டை மூளும் என்று அவர் பயந்தார். அந்த நடுநிலை நாடகமல்ல, உண்மையான விருப்பம் என்றே நான் நம்புகிறேன்.

ஆனால் கடல் நடுநிலையாக இல்லை. போரில் இறங்கிய மறுநாளே பிரிட்டன், ஜெர்மனியை அட்லாண்டிக்குக்கு அப்பால் இணைத்த கடலடித் தந்திக் கம்பிகளை வெட்டியது. நவம்பரில் வட கடல் முழுவதையும் போர்ப் பகுதியாக அறிவித்துக் கண்ணிவெடி போட்டது. உணவுப் பொருளையும் தடை செய்த சரக்குகளின் பட்டியலில் சேர்த்தது. அமெரிக்க வணிகர் இரு தரப்புக்கும் விற்கலாம் என்பது ஏட்டில் இருந்த உரிமை. நடப்பில் சரக்கு போய்ச் சேர்ந்தது ஒரு தரப்பின் துறைமுகங்களுக்கு மட்டும்தான்.

இந்த ஆபத்தை அமைச்சரவையில் முதலில் உணர்ந்தவர் வெளியுறவு அமைச்சர் வில்லியம் ஜென்னிங்ஸ் பிரையன். மூன்று முறை அதிபர் தேர்தலில் நின்று தோற்றவர், பக்திமான், வயல்வெளி மக்களின் பேச்சாளர். படித்தவர்களின் பத்திரிகைகள் அவரைப் பட்டிக்காட்டான் என்று கேலி செய்தன. பிரான்சுக்குக் கடன் ஏற்பாடு செய்யலாமா என்று ஜே.பி. மார்கன் நிறுவனம் 1914 ஆகஸ்டில் கேட்டபோது, வேண்டாம் என்றவர் அவர்தான். தடை செய்ய வேண்டிய சரக்குகளில் மோசமானது பணம், ஏனென்றால் மற்ற எல்லாச் சரக்கையும் அதுவே வாங்கித் தரும் என்பது அவர் வாதம். ஊரில் ஒருவனுக்குப் பெருந்தொகை கடன் கொடுத்தவன், அவனுடைய வழக்கில் பஞ்சாயத்து பேச உட்கார முடியாது. பிரையன் சொன்னதன் சாரம் இவ்வளவுதான்.

அந்தத் தடை நிலைக்கவில்லை. நாட்டில் அப்போது மந்தம். போர்ச் செய்தி கேட்டு மூடிய நியூயார்க் பங்குச் சந்தை நான்கு மாதம் திறக்கவில்லை. தென் மாநிலங்களில் பருத்தி விலை சரிந்து, விளைந்ததை விற்க முடியாமல் விவசாயிகள் தவித்தார்கள். அந்த நேரத்தில் பிரிட்டனும் பிரான்சும் கோதுமை, எஃகு, வெடிமருந்து, குதிரை என்று எது கிடைத்தாலும் வாங்கத் தயாராக இருந்தன. அக்டோபரிலேயே வில்சன் வழியைத் திறந்துவிட்டார்: ‘கடன்’தான் கூடாது, வணிகத்துக்கான ‘தவணை வசதி’ கொடுக்கலாம். 1915 ஜனவரியில் மார்கன் நிறுவனம் பிரிட்டிஷ் அரசின் கொள்முதல் முகவரானது. நாட்டின் செல்வாக்கு மிக்க வங்கி ஒரு தரப்பின் கடைக்காரராகவும் ஆகிவிட்டது.

அந்த ஆண்டு இலையுதிர் காலத்தில் அடுத்த கதவும் திறந்தது. கடன் கொடுக்காவிட்டால் அவர்களால் வாங்க முடியாது, வாங்காவிட்டால் நம் ஆலைகள் மூடும், தொழிலாளர் தெருவுக்கு வருவார்கள் என்று நிதியமைச்சர் மெக்காடூவும், பிரையனுக்குப் பின் வெளியுறவு அமைச்சரான ராபர்ட் லான்சிங்கும் வில்சனுக்கு எழுதினார்கள். அக்டோபரில் மார்கன் ஏற்பாட்டில் பிரிட்டனுக்கும் பிரான்சுக்கும் 50 கோடி டாலர் கடன் போனது. 1917 ஏப்ரலில் நேச நாடுகள் அமெரிக்காவில் வாங்கியிருந்த கடன் 200 கோடி டாலரைத் தாண்டியிருந்தது. ஜெர்மனி வாங்கியது 3 கோடியைக்கூட எட்டவில்லை. நேச நாடுகளுக்கான ஏற்றுமதி 1914இல் 80 கோடி டாலர் அளவில் இருந்தது, 1916இல் 300 கோடியைத் தாண்டியது. ஜெர்மனியுடனான வணிகம் ஏறக்குறைய செத்தே போனது.

இதில் கெட்டவன் என்று யாரையும் சுட்டத் தோன்றவில்லை. பருத்திக்கு விலை கேட்ட விவசாயி தவறு செய்தானா? ஆலையில் வேலை கேட்ட தொழிலாளியா? நல்ல நோக்கம் உள்ளவர்கள் எல்லோரும் சேர்ந்துதான் நாட்டை அந்த இடத்துக்குக் கொண்டுவந்தார்கள்.

லூசிடானியாவுக்கு வருவோம். கப்பல் கிளம்பிய அன்று காலை நியூயார்க் நாளிதழ்களில் ஜெர்மன் தூதரகம் ஒரு எச்சரிக்கை விளம்பரம் கொடுத்திருந்தது: பிரிட்டிஷ் கொடி பறக்கும் கப்பல்கள் போர்ப் பகுதியில் தாக்கப்படலாம், பயணம் செய்பவர்கள் தம் பொறுப்பில் செய்ய வேண்டும். சில பத்திரிகைகளில் அது லூசிடானியா புறப்படும் நேரத்தைச் சொல்லும் விளம்பரத்துக்கு அருகிலேயே வந்தது. பயணத்தை ரத்து செய்தவர்கள் வெகு சிலர். மே 7ஆம் தேதி அயர்லாந்துக் கரையருகே யு-20 நீர்மூழ்கியின் ஒரே குண்டில் கப்பல் 18 நிமிடத்தில் மூழ்கியது. இறந்தவர்கள் ஏறத்தாழ 1,200 பேர். அவர்களில் 128 பேர் அமெரிக்கர்கள். குழந்தைகள் பலர்.

அதைக் கொலை என்றுதான் நானும் சொல்வேன். ஆனால் பிரையன் கேட்ட கேள்வியும் நியாயமானது. வெடிமருந்து ஏற்றிய கப்பலில் மக்களைப் பயணம் செய்ய ஏன் விட வேண்டும்? ஜெர்மனிக்குக் கண்டனம் அனுப்பும்போது, பட்டினி முற்றுகை போடும் பிரிட்டனுக்கும் ஒன்று அனுப்பினால் என்ன? வில்சன் கேட்கவில்லை. ஜெர்மனிக்கு இரண்டாவது கடுமையான கடிதம் தயாரானபோது, அதில் கையெழுத்துப் போட மாட்டேன் என்று 1915 ஜூனில் பிரையன் பதவியை விட்டு விலகினார். துரோகி என்றுகூட அவரை எழுதினார்கள். அமெரிக்கர்கள் ஆயுதம் தாங்கிய அயல்நாட்டுக் கப்பல்களில் போகக் கூடாது என்று அடுத்த ஆண்டு நாடாளுமன்றத்தில் தீர்மானம் வந்தபோதும், அது குடிமக்களின் உரிமையை விட்டுக்கொடுப்பதாகும் என்று சொல்லி வில்சன் அதைத் தோற்கடிக்க வைத்தார்.

அந்த இடத்தில்தான் சாவி கைமாறியது என்று நினைக்கிறேன். அதன் பிறகு அமெரிக்கா போருக்குப் போவதா வேண்டாமா என்பதைத் தீர்மானிக்க வேண்டியவர் வாஷிங்டனில் இல்லை. ஒரு ஜெர்மன் நீர்மூழ்கியின் தளபதி போதும். 1916 மார்ச்சில் சசெக்ஸ் என்ற பிரெஞ்சுக் கப்பல் தாக்கப்பட்டபோது வில்சன் உறவை முறிப்பதாக எச்சரித்தார். ஜெர்மனி பணிந்து, எச்சரிக்காமல் வணிகக் கப்பல்களை மூழ்கடிக்க மாட்டோம் என்று வாக்குக் கொடுத்தது. அந்த வாக்கு நிற்கும்வரைதான் அமைதி. அதை நம்பித்தான் வில்சன் கட்சியினர், நம்மைப் போரிலிருந்து காத்தவர் என்று நவம்பர் தேர்தலில் அவருக்கு ஓட்டுக் கேட்டார்கள். கலிபோர்னியாவில் நான்காயிரத்துக்கும் குறைவான வாக்கு வித்தியாசத்தில் அவர் அதிபர் பதவியைத் தக்கவைத்துக்கொண்டார்.

வங்கிகள்தான் நாட்டைப் போரில் தள்ளின என்று பின்னாளில் பலர் சொன்னார்கள். பாதி உண்மை. ஏனென்றால் அதே நவம்பரின் கடைசியில், பிணையில்லாத வெளிநாட்டுப் பத்திரங்களை வாங்க வேண்டாம் என்று மத்திய வங்கியான ஃபெடரல் ரிசர்வ் எச்சரித்தது. அந்த எச்சரிக்கையைக் கடுமையாக்கச் சொன்னவர் வில்சன். அமெரிக்க நிறுவனங்களையே கறுப்புப் பட்டியலில் சேர்த்த பிரிட்டன் மீது அவருக்கு அப்போது கடும் கோபம். பிரிட்டன் போருக்கு நாளொன்றுக்குச் செலவிட்ட 50 லட்சம் பவுனில் 20 லட்சத்தை அமெரிக்காவில்தான் திரட்ட வேண்டியிருந்தது. சில மாதங்களில் கையிருப்பு தீரும் என்று லண்டன் அதிகாரிகள் கலங்கினார்கள். ஜெர்மனி கொஞ்சம் பொறுத்திருந்தால் போரின் போக்கே மாறியிருக்கலாம்.

ஜெர்மனியால் பொறுக்க முடியவில்லை. முற்றுகையால் உருளைக்கிழங்கும் கிடைக்காமல், மாட்டுத் தீவனமான டர்னிப் கிழங்கை மக்கள் தின்ற குளிர்காலம் அது. மாதம் 6 லட்சம் டன் கப்பல்களை மூழ்கடித்தால் ஐந்து மாதத்தில் பிரிட்டன் மண்டியிடும் என்று கடற்படைத் தலைவர் ஹோல்ட்சென்டார்ஃப் கணக்குப் போட்டுக் கொடுத்தார். அமெரிக்கா வந்தால் வரட்டும், அதன் படை கடல் தாண்டுமுன் போர் முடிந்துவிடும் என்றார்கள் தளபதிகள். 1917 ஜனவரி 9ஆம் தேதி பிளெஸ் மாளிகையில் ஜெர்மன் பேரரசரான கைசர் ஒப்புதல் கொடுத்தார். எதிர்த்து வந்த சான்சலர் பெத்மன் ஹோல்வெக்கும் விட்டுக்கொடுத்தார். வெற்றியும் தோல்வியும் இல்லாத சமாதானம் வேண்டும் என்று வில்சன் 22ஆம் தேதி செனட்டில் பேசியபோது முடிவு எடுத்தாகிவிட்டது, அவருக்குத்தான் தெரியாது. பிப்ரவரி 1 முதல் கண்ட கப்பலையெல்லாம் தாக்குவதாக ஜெர்மனி அறிவித்தது. பிப்ரவரி 3ஆம் தேதி வில்சன் தூதரக உறவை முறித்தார்.

அடுத்து வந்தது ஸிம்மர்மன் தந்தி. அமெரிக்காவோடு போர் வந்தால் எங்களோடு சேருங்கள், டெக்சாஸ், நியூ மெக்சிகோ, அரிசோனாவை மீட்டுக்கொள்ளுங்கள் என்று மெக்சிகோவுக்கு ஜெர்மன் வெளியுறவு அமைச்சர் அனுப்பியது. அது பயணம் செய்த பாதையைப் பாருங்கள். சொந்தக் கம்பிகள் இல்லாத ஜெர்மனிக்கு, சமாதானப் பேச்சுக்காக அமெரிக்காவே தன் தூதரகக் கம்பியைக் கொடுத்திருந்தது. அந்தக் கம்பியில்தான் அமெரிக்காவுக்கு எதிரான தந்தி போனது. வழியில் லண்டனில் பிரிட்டிஷ் உளவுப் பிரிவு எல்லாவற்றையும் ஒட்டுக்கேட்டுக்கொண்டிருந்தது. வாஷிங்டனிலிருந்து மெக்சிகோவுக்குப் போன பிரதி முழுக்க எண்கள், வரிசை வரிசையாக. அரிசோனாவுக்குக் குறியீட்டு அகராதியில் எண் இல்லாததால், அந்தப் பெயரை மட்டும் அசை அசையாகப் பிரித்து நான்கு எண்களில் அனுப்பியிருந்தார்கள். மார்ச் 1ஆம் தேதி செய்தி பத்திரிகைகளில் வந்ததும், பிரிட்டன் செய்த மோசடி என்று பலர் சந்தேகித்தார்கள். இரண்டு நாளில் ஸிம்மர்மனே, உண்மைதான் என்று ஒப்புக்கொண்டார். ஐரோப்பியச் சண்டை நமக்கெதற்கு என்றிருந்த மேற்கு மாநிலங்களும் அதோடு கொதித்தன.

மார்ச் நடுவில் மூன்று அமெரிக்கக் கப்பல்கள் அடுத்தடுத்து மூழ்கின. ரஷ்யாவில் ஜார் வீழ்ந்ததும், ஜனநாயகத்துக்கான போர் என்று சொல்லும் வசதியும் வந்தது. ஏப்ரல் 2ஆம் தேதி வில்சன் நாடாளுமன்றத்தில் போர்ப் பிரகடனம் கேட்டார். செனட்டில் 82க்கு 6, கீழவையில் 373க்கு 50. எதிர்த்தவர்களில் நெப்ராஸ்காவின் ஜார்ஜ் நாரிஸ், பணக்காரர்களின் கட்டளைக்காகப் போருக்குப் போகிறோம் என்று செனட்டில் முழங்கினார். மோன்டானாவிலிருந்து வந்த ஜீனட் ராங்கினும் வேண்டாம் என்றார். நாடாளுமன்றத்துக்குத் தேர்வான முதல் பெண், பதவியேற்று ஒரு வாரம்கூட ஆகவில்லை.

பிறகு நடந்தவை வேகமாக நடந்தன. மே மாதம் கட்டாய ராணுவ சேவை, ஜூனில் உளவுத் தடுப்புச் சட்டம். போரை எதிர்த்துப் பேசியதற்காக சோஷலிஸ்ட் தலைவர் யூஜின் டெப்சுக்குப் பத்தாண்டு சிறை. பல பள்ளிகளில் ஜெர்மன் மொழிப் பாடம் நின்றது. சுமார் 20 லட்சம் வீரர்கள் பிரான்சுக்குப் போனார்கள். ஏறத்தாழ 1,16,000 அமெரிக்க வீரர்கள் இறந்தார்கள். ஏறத்தாழ பாதிப் பேர் நோயில்.

1934இல் செனட்டர் ஜெரால்டு நை தலைமையில் ஒரு குழு ஆயுத வியாபாரிகளையும் வங்கியாளர்களையும் விசாரித்தது. அதையொட்டி 1935 முதல் 1937 வரை வந்த நடுநிலைச் சட்டங்கள் மூன்று விஷயங்களைத் தடை செய்தன: போரிடும் நாடுகளுக்குக் கடன், ஆயுத விற்பனை, அவர்கள் கப்பல்களில் அமெரிக்கர் பயணம். முதலாவதும் மூன்றாவதும் பிரையன் பதவியில் இருந்தபோதே வற்புறுத்தியவை. அவர் 1925இலேயே இறந்துவிட்டார்.

ஹிட்லரின் போர் வந்தபோது அந்தச் சட்டங்கள் தாங்கவில்லை. ரொக்கம் கொடுத்துத் தன் கப்பலில் ஏற்றிப்போகிறவருக்கு ஆயுதம் விற்கலாம் என்று 1939 நவம்பரில் திருத்தினார்கள். ரொக்கமும் கப்பலும் கடலும் யாரிடம் இருந்தன என்பது எல்லோருக்கும் தெரியும். இம்முறை சாய்ந்த பக்கம் நியாயமான பக்கம் என்பதில் எனக்குச் சந்தேகமில்லை. ஆனால் சாய்ந்த விதம் அதேதான். ரொக்கம் தீர்ந்ததும் 1941 மார்ச்சில் கடன்–குத்தகைச் சட்டம் வந்தது. அந்தச் சரக்கைக் காக்க அமெரிக்கப் போர்க்கப்பல்கள் துணைபோயின. செப்டம்பரில், கண்டவுடன் சுடும் உத்தரவு வந்தது. அக்டோபர் 31ஆம் தேதி ரூபன் ஜேம்ஸ் என்ற அமெரிக்கப் போர்க்கப்பலை ஜெர்மன் நீர்மூழ்கி மூழ்கடித்தது. இறந்த மாலுமிகள் சுமார் நூறு பேர். ஜெர்மனிக்கும் அமெரிக்காவுக்கும் அதிகாரபூர்வமாகப் போர் தொடங்க அப்போது இன்னும் ஆறு வாரம் இருந்தது.