இசைவும் உண்மையும்: இழைக் கோட்பாட்டின் சிதறல் வீச்சங்கள் பற்றிய ஒரு விளக்கம்

வெண்பாவொன்றின் அடித்தொடக்கச் சீர் சுவடியிலே செல்லரித்துப் போயிருப்பின், பதிப்பாசிரியர் அவ்விடத்தை எச்சொல்லாலும் நிரப்பிவிட இயலாது. தளை, எதுகை, பொருள் ஆகிய மூன்றும் ஒருங்கே இசைதல் வேண்டும். நிபந்தனைகள் மிகுந்தோறும் தெரிவுகள் அருகும். வன்னியிலே தமிழ் பயிலும் மாணவரும் அறிந்த இத்தருக்கமே இன்றைய கோட்பாட்டுப் பௌதிகவியலின் முக்கிய ஆய்வுமுறையொன்றுக்கும் அடிப்படையாக உள்ளது.

துணிக்கைகள் மோதும்போது இன்ன விளைவு இன்ன நிகழ்தகவுடன் நிகழும் என்பதை நிர்ணயிக்கும் கணிதச் சார்பே சிதறல் வீச்சமாகும். அது மூன்று நிபந்தனைகளை மீறலாகாது. எல்லா விளைவுகளின் நிகழ்தகவுகளும் கூடி ஒன்றாதல் வேண்டும். காரணத்தைக் காரியம் முந்தலாகாது. உட்செல்லும் துணிக்கையை வெளிவரும் எதிர்த்துணிக்கையாகக் கொண்டாலும் அதே சார்பு பொருந்துதல் வேண்டும். இறுதியானது குறுக்குச் சமச்சீர் எனப்படும்.

இத்தகைய நிபந்தனைகளைக் கொண்டே வன்கருவிசையை முற்றாக விளக்கலாம் என 1960களில் ஜெஃப்ரி சூ முதலானோர் கருதினர். 1968இல் கபிரியேலே வெனிசியானோ குறுக்குச் சமச்சீருடைய வீச்சமொன்றைக் கண்டார். அது அதிரும் இழைக்குரியது என்பதை நம்பு, நீல்சன், சஸ்கிண்ட் ஆகியோர் பின்னர் உணர்ந்தனர். எதிர்மறை நிகழ்தகவுகள் தோன்றாதிருக்க வெளிநேரப் பரிமாணங்கள் 26ஐ விஞ்சலாகாது என்பதும் நிறுவப்பட்டது. ஆயின், பரிசோதனைகள் புரோத்தனுள்ளே குவார்க்குகளைக் காட்டின. 1973இன் பின்னர் வன்கருவிசைக்குரிய கோட்பாடாகக் குவார்க்குகளின் கோட்பாடே நிலைபெற்றது. 1974இலேயே இழைக் கோட்பாடு ஈர்ப்பின் கோட்பாடாக மறுவிளக்கம் பெறலாயிற்று.

அண்மையில் இம்முறை கணினியின் துணையோடு மீண்டெழுந்துள்ளது. 2021இல் குவெரியேரி, பெனெடோனெஸ், வியேரா ஆகியோர் 10 பரிமாணங்களில் மீச்சமச்சீருடைய ஈர்ப்புத்துணிக்கைச் சிதறலை ஆராய்ந்தனர். ஈர்ப்புக் கோட்பாட்டுக்குரிய முதன்மைத் திருத்தத்தின் குணகம் ஏறத்தாழ 0.14இற்குக் குறையலாகாது எனக் கண்டனர். இழைக் கோட்பாடு தரும் மிகக்குறைந்த பெறுமானமும் அதனை அண்டியதே. பெங்களூர் இந்திய அறிவியல் கழகத்தைச் சேர்ந்த அர்ணாப் பிரியா சாஹாவும் அனிந்த சின்ஹாவும் 2024இல் இழை வீச்சங்களுக்குப் புதிய தொடர்விரிவுகளை வெளியிட்டனர். அவற்றினின்றும் பை என்னும் எண்ணுக்கும் புதிய தொடரொன்று பிறந்தது. கேரளத்து மாதவரின் பழந்தொடர் அதன் ஓர் எல்லைநிலையாகும்.

இவற்றைக் கொண்டு, அகத்திசைவே உண்மைக்குப் போதிய சான்று என நாம் கொள்ளலாமா? அவ்வாறு கொள்வது கருத்துமுதல்வாதமாகும். இழையின் அளவு பிளாங்க் நீளத்தை அண்டியதாயின், அதனை நேரே சோதிக்க வேண்டிய சத்தி ஜெனீவாவிலுள்ள துணிக்கைமோதியின் சத்தியைவிடக் கோடானுகோடி மடங்காகும். எனினும் இம்முறையை வெறுங் கணித விளையாட்டென ஒதுக்குவதும் தவறே. காரணகாரிய ஒழுங்கும் நிகழ்தகவு விதியும் சிந்தனையாளரின் மூளையில் தாமாக முளைத்தவையல்ல. இயற்கையோடு மனிதர் நடத்திய நெடுங்கால நடைமுறையின் சாரமாகவே அவை வந்தன. எனவே அவை விலக்கும் சாத்தியங்களை நாம் நம்பிக்கையுடன் விலக்கலாம். எஞ்சியவற்றுள் எது உண்மை என்பதை மட்டும் அவை தீர்ப்பதில்லை. யாப்புக்கிசைந்த இரு சொற்களுள் புலவன் எழுதியது எது என்பதை இன்னொரு சுவடியே காட்டுதல் கூடும்.