இரசிகர்கள் யாரைப் பார்த்துக் கத்துகிறார்கள்?

2017 மார்ச் 18ஆம் திகதி, வெஸ்ட் ப்ரொம்விச் அல்பியன் கழகத்தின் மைதானத்தில் ஆர்சனல் விளையாடிக்கொண்டிருந்தபோது வானத்தில் இரண்டு சிறிய விமானங்கள் பதாகைகளை இழுத்துக்கொண்டு பறந்தன. முகாமையாளர் ஆர்சென் வெங்கருக்குப் புதிய ஒப்பந்தம் கொடுக்காதே, அவரை வெளியே அனுப்பு என்றது ஒரு பதாகை. ஆர்சென் மீது நம்பிக்கை வைத்திருக்கிறோம், அவரை மதியுங்கள் என்றது மற்றது. இரண்டையும் பறக்கவிட்டவர்கள் ஒரே கழகத்தின் இரசிகர்கள். கீழே மைதானத்தில் ஆர்சனல் 3-1 என்று தோற்றது.

உதைபந்தாட்டம் பார்க்காதவர்களுக்கு இது காசைக் காற்றில் விடுகிற வேலையாகத் தெரியும். பார்க்கிறவர்களுக்குத் தெரியும், இந்தச் சண்டை மைதானத்தோடு முடிவதில்லை. எந்த ஆட்டக்காரனை விற்பது, யாரை வாங்குவது, முகாமையாளரை வைத்திருப்பதா அனுப்புவதா என்ற பேச்சு வருடம் முழுக்க நடக்கிறது. கடல் கடந்து இங்கேயும் நடக்கிறது. உயர்தர வகுப்பில் திங்கட்கிழமை முதலாம் பாடம் எடுக்கிற ஆசிரியர்களுக்கு அது நன்றாக விளங்கும். "சேர், அந்தாள அனுப்பினாத்தான் டீம் உருப்படும்" என்று ஒரு பொடியன் சொல்வான். "வாங்கித் தராம வெல்லு வெல்லு என்டா எப்பிடி வெல்ற?" என்று பின்வாங்கிலிருந்து மற்றவன் கேட்பான்.

நான் கவனித்தது வேறொன்று. அந்த இரண்டு பதாகைகளிலும் கழகத்தின் சொந்தக்காரருடைய பெயர் இல்லை. இரசிகர்களின் விவாதத்தை விளங்கிக்கொள்ள அந்த இல்லாத பெயரிலிருந்துதான் தொடங்க வேண்டும் என்று நினைக்கிறேன்.

வெங்கர் 1996இல் ஜப்பானின் நகோயா கழகத்திலிருந்து ஆர்சனலுக்கு வந்த பிரான்ஸ்காரர். 1998, 2002, 2004 ஆகிய ஆண்டுகளில் லீக் சம்பியன் பட்டத்தை வென்று கொடுத்தார். மூன்றாவது தடவை 38 ஆட்டங்களில் ஒன்றிலும் தோற்கவில்லை. எஃப்.ஏ. கிண்ணத்தை மொத்தம் ஏழு தடவை வென்றார். 2016 வரை தொடர்ந்து 20 பருவங்கள் அவருடைய அணி முதல் நான்கு இடங்களுக்குள் நின்றது. ஆனாலும் 2005இன் எஃப்.ஏ. கிண்ணத்துக்கும் 2014இன் எஃப்.ஏ. கிண்ணத்துக்கும் இடையில் ஒரு பெரிய கிண்ணமும் இல்லை. விவாதம் பிறந்ததும் வளர்ந்ததும் அந்த ஒன்பது வருட இடைவெளியில்தான்.

அந்த இடைவெளியில் நடந்ததைக் கணக்காகப் பார்ப்போம். 2006இல் ஆர்சனல் ஏறத்தாழ 38,000 பேர் கொள்ளும் பழைய ஹைபரி மைதானத்தை விட்டு, 60,000 பேர் கொள்ளும் புதிய அரங்குக்குப் போனது. செலவு ஏறத்தாழ 390 மில்லியன் பவுண். கழகம் அதற்காகப் பெருங்கடன் பட்டது. கடன் கொடுக்கிற வங்கிகள் வெங்கர் ஐந்து வருடமாவது இருக்க வேண்டும் என்று கேட்டன என்று அவரே பிற்காலத்தில் சொன்னார். வீடு கட்டக் கடன் பட்ட குடும்பம் எப்படி இருக்குமோ அப்படித்தான் கழகமும் இருந்தது. நல்ல விலைக்குப் போகிறவர்கள் போனார்கள். 2007இல் தியரி ஹென்றி பார்சிலோனாவுக்கு, 2011இல் செஸ்க் ஃபாப்ரிகாஸும் அங்கேயே, சமீர் நஸ்ரி மன்செஸ்டர் சிட்டிக்கு, 2012இல் ராபின் வான் பேர்சி மன்செஸ்டர் யுனைடெட்டுக்கு. இதற்கு நடுவில் 2011 ஓகஸ்ட் 28ஆம் திகதி மன்செஸ்டர் யுனைடெட்டிடம் 8-2 என்ற தோல்வி. அதற்கடுத்த சில நாட்களில், வாங்கும் காலம் முடிவதற்குள் ஆட்களைப் பிடிக்கக் கழகம் ஓடியது. அன்று வந்தவர்களில் ஒருவர் மிகெல் ஆர்ட்டேட்டா. இன்றைய முகாமையாளரும் அவரே.

எட்டுக்கு இரண்டு என்று தோற்ற அன்று இரசிகனுடைய கண்ணில் பட்டது யார்? கோட்டுப் போட்டுக்கொண்டு கோட்டோரத்தில் நின்ற வெங்கர். ஆட்டம் முடிந்து ஊடகங்களுக்குப் பதில் சொன்னவரும் அவர்தான். அந்த வருடம் கழகத்தின் பெரும்பான்மைப் பங்கை வாங்கியிருந்த அமெரிக்கர் ஸ்டான் க்ரோங்கி ஊடகங்களோடு பேசுவதே அரிது. 'மௌன ஸ்டான்' என்று பட்டப்பெயர் வாங்குமளவுக்கு அரிது. பேசுகிறவனைத் திட்டலாம். பேசாதவனை எப்படித் திட்டுவது?

வெங்கரிடம் குறையே இல்லை என்று நான் வாதாட வரவில்லை. கடன் சுமை குறைந்து, 2013இல் மெசுட் ஒஸிலை 42.5 மில்லியன் பவுணுக்கு வாங்கிய பிறகும் அணியின் தற்காப்பு ஓட்டையாகவே இருந்தது. 2017இல் பயேர்ன் மியூனிக்கிடம் இரண்டு ஆட்டங்களிலும் 5-1 என்று தோற்றதற்கு வங்கியைக் குற்றம் சொல்ல ஏலாது. விமானங்கள் பறந்தது அதற்கடுத்த வாரத்தில்தான்.

இனி வாங்கல் விற்றலுக்கு வருவோம். விவாதங்களில் அதிக சத்தமும் குறைந்த விளக்கமும் உள்ள இடம் இதுதான்.

ஒரு ஆட்டக்காரனைக் கழகம் "வாங்குகிறது" என்கிறோம். உண்மையில் வாங்கப்படுவது அவனுடைய ஒப்பந்தத்தில் மிச்சமிருக்கும் காலம். 1995 டிசம்பரில் ஐரோப்பிய நீதிமன்றம் போஸ்மான் வழக்கில் கொடுத்த தீர்ப்புக்குப் பிறகு, ஒப்பந்தம் முடிந்தவன் சல்லிக்காசு இல்லாமல் வேறு கழகத்துக்குப் போகலாம். ஆகவே ஒப்பந்தம் தேயத் தேய அவனுடைய விலையும் தேய்கிறது. அலெக்சிஸ் சாஞ்செஸின் கதை இதற்கு நல்ல பாடம். 2017 ஓகஸ்டில், ஒப்பந்தத்தில் ஒரு வருடம் மிச்சமிருந்தபோது, மன்செஸ்டர் சிட்டி அவருக்கு 60 மில்லியன் பவுண் கொடுக்கத் தயாராக இருந்தது. அவருக்குப் பதிலாக ஆர்சனல் தேடிய ஆள் கிடைக்காததால் பேரம் முறிந்தது. அடுத்த ஜனவரியில் அவர் மன்செஸ்டர் யுனைடெட்டுக்குப் போனார். மாற்றாக ஹென்ரிக் மிக்கித்தாரியான் வந்தார், கையில் காசு வரவில்லை. ஒரு வருடம் கழித்து ஆரோன் ராம்சி ஒப்பந்தம் முடிந்து யுவென்டஸுக்கு இலவசமாகவே போனார். "நல்ல பிளேயர ஏன் விக்கிற?" என்று கேட்கிற பொடியனிடம் நான் முதலில் திருப்பிக் கேட்பது, "அவனுக்கு இன்னும் எத்தன வருஷம் இருக்கு?" என்பதுதான்.

அடுத்தது கணக்குப் புத்தகம். 2019இல் நிக்கலஸ் பேப்பேயை 72 மில்லியன் பவுணுக்கு, ஐந்து வருட ஒப்பந்தத்தில் ஆர்சனல் வாங்கியது. புத்தகத்தில் அந்த 72 மில்லியன் ஒரே வருடத்தில் எழுதப்படுவதில்லை. வருடத்துக்கு 14.4 மில்லியன் என்று ஐந்தாகப் பிரிக்கப்படும். சம்பளம் வேறு. மாறாக ஒருவனை விற்றால், அவனுக்காக இன்னும் எழுதி முடிக்காத தொகை போக மிச்சமெல்லாம் அந்த வருடமே இலாபமாக ஏறும். சிறு வயதிலிருந்து கழகத்திலேயே வளர்ந்தவன் என்றால் வாங்கிய விலை என்று ஒன்றில்லை, விற்ற தொகை முழுவதும் இலாபம். பத்து வயதில் ஆர்சனலுக்கு வந்த எமில் ஸ்மித் ரோவை 2024இல் ஃபுல்ஹாமுக்கு விற்றதை இரசிகர்கள் மனம் நொந்து பார்த்தார்கள். நம் வீட்டுப் பிள்ளையை விற்பதுதான் கணக்குக்கு அதிக இலாபம் என்ற நிலை இன்றைய விதிகளின் கோணல். மூன்று வருடங்களில் 105 மில்லியன் பவுணுக்கு மேல் நட்டம் காட்டக் கூடாது என்றிருந்த பிரீமியர் லீக் விதி சும்மா மிரட்டலாகவும் இருக்கவில்லை. 2023இல் எவர்ட்டன் கழகத்துக்கு அதற்காகப் பத்துப் புள்ளிகள் வெட்டினார்கள், மேன்முறையீட்டில் அது ஆறாகக் குறைந்தது.

பேப்பேயின் கதையில் இன்னொரு பாடமும் உண்டு. காசை அவிழ்க்கச் சொல்லி இரசிகர்கள் வருடக்கணக்காகக் கத்தினார்கள். கழகம் அவிழ்த்தது. அப்போதைய முகாமையாளர் உனாய் எமெரி கேட்டது வேறு ஆளை, க்ரிஸ்டல் பலஸின் வில்பிரட் சாகாவை. இதைப் பின்னர் எமெரியே வெளிப்படையாகச் சொன்னார். கழகம் பேப்பேயை வாங்கியது, அவர் விலைக்கு ஏற்ப விளையாடவில்லை, 2023இல் காசில்லாமலேயே போய்விட்டார். எமெரி 2019 நவம்பரிலேயே நீக்கப்பட்டிருந்தார். கேட்டது கிடைக்காதவன் அதே பருவத்தில் வேலையை இழந்தான். முகாமையாளரைப் பார்த்து "இவனை ஏன் வாங்கினாய்?" என்று கத்துகிற இரசிகன் பல வேளைகளில் தவறான கதவைத் தட்டுகிறான்.

ஒஸிலின் விஷயம் நமது வாசகர்களுக்கு இன்னும் நெருக்கமானது. துருக்கிய வம்சாவளி ஜேர்மனியர், ஆட்டத்துக்கு முன் கையேந்தி துஆக் கேட்பவர். 2019 டிசம்பரில் உய்குர் முஸ்லிம்களுக்கு நடக்கும் கொடுமையைப் பற்றியும், முஸ்லிம் நாடுகளின் மௌனத்தைப் பற்றியும் எழுதினார். தாங்கள் அரசியலில் ஈடுபடுவதில்லை என்று சொல்லி கழகம் அவருடைய கருத்திலிருந்து விலகி நின்றது. சீன அரச தொலைக்காட்சி ஆர்சனலின் அடுத்த ஆட்டத்தை ஒளிபரப்பாமல் விட்டது. 2020 ஒக்டோபரில் பிரீமியர் லீக் பருவத்துக்கான 25 பேர் பட்டியலில் அவர் பெயர் இல்லை. அது விளையாட்டுக் காரணத்துக்காக மட்டுமே என்றார் ஆர்ட்டேட்டா. இரசிகர்கள் இரண்டாகப் பிரிந்தார்கள். பெரிய சம்பளம் வாங்குகிறவர், ஓட மாட்டார், கொரோனா காலத்துச் சம்பளக் குறைப்புக்கும் சம்மதிக்கவில்லை என்றது ஒரு சாரார். வாய் திறந்ததற்கான தண்டனை இது என்றது மறு சாரார். நம்மவர்கள் பலர் இரண்டாவது பக்கம் நின்றோம். நியாயமாகப் பார்த்தால் முதல் பக்கத்திலும் விஷயம் இல்லாமல் இல்லை, அவருடைய ஆட்டம் அதற்கு முன்பே இறங்கியிருந்தது. ஆனால் சீனச் சந்தையைப் பற்றிய கேள்விக்குப் பதில் சொல்ல வேண்டியவர் ஆர்ட்டேட்டா அல்ல. பதில் சொல்ல வேண்டியவர்கள் மேலே இருந்தார்கள்.

தமிழ் படிப்பிப்பவன் என்பதால் ஒரு சிறு இடைச்செருகல். ஆங்கிலேய இரசிகன் 'நாம் தோற்றோம், நாம் வாங்க வேண்டும்' என்பதற்கெல்லாம் ஒரே சொல்லைப் பாவிக்கிறான். எழுத்துத் தமிழில் நாமும் நாங்களும் வேறு வேறு. கேட்கிறவரையும் சேர்த்தால் நாம், விட்டுவிட்டால் நாங்கள். ஆர்சனல் இரசிகன் கழகத்தின் சொந்தக்காரரோடு பேசும்போது எதைப் போடுவான்? 2018 வரை 'நாம்' என்று சொல்ல அவனுக்குக் கொஞ்சம் இடம் இருந்தது. அக்கழகத்தின் பங்குகளில் ஒரு சிறு பகுதி சாதாரண இரசிகர்களின் கையில் இருந்தது, சிலருக்குத் தகப்பன் வழி வந்தது. தனியே ஒரு பங்கு வாங்க வசதியில்லாதவர்கள் 2010 முதல் இரசிகர் அமைப்பொன்றின் திட்டத்தில் சிறுகச் சிறுகக் காசு சேர்த்துக் கூட்டாக வாங்கினார்கள். பங்குக்காரன் வருடாந்தக் கூட்டத்துக்குப் போகலாம், எழுந்து நின்று கேள்வி கேட்கலாம். மௌன ஸ்டானும் மேடையில் உட்கார்ந்து கேட்கத்தான் வேண்டும்.

2018 ஓகஸ்டில் க்ரோங்கி, 30 வீதம் வைத்திருந்த அலிஷெர் உஸ்மானோவின் பங்குகளை வாங்க உடன்பட்டார். 90 வீதத்துக்கு மேல் கையில் வந்தால் மிச்சப் பங்குகளைக் கட்டாயமாக வாங்கிக்கொள்ள ஆங்கிலேயச் சட்டம் இடம் கொடுக்கிறது. பங்கொன்றுக்கு 29,000 பவுணுக்குச் சற்று மேல் விலை. விற்க விரும்பாதவனுக்கும் காசு வந்து சேர்ந்தது, பங்கு போனது, கூட்டத்தில் கேள்வி கேட்கிற உரிமையும் போனது. வெங்கர் வெளியேறி மூன்று மாதம்தான் ஆகியிருந்தது. அவரைப் பற்றி இருபுறமும் அத்தனை வருடம் சண்டை பிடித்தவர்களில் எத்தனை பேர் இதற்காகத் தெருவில் இறங்கினார்கள்? விமானம் ஒன்றும் பறந்ததாக நான் அறியேன்.

எல்லா இடத்திலும் இப்படி இல்லை. ஜேர்மனியில் பெரும்பாலான கழகங்களில் வாக்குகளின் பாதிக்கு மேல் உறுப்பினர்களிடமே இருக்க வேண்டும். பார்சிலோனாவில் தலைவரை உறுப்பினர்கள் வாக்களித்துத் தெரிகிறார்கள். அங்கே வாங்கல் விற்றல் பற்றிய சண்டை தேர்தல் சண்டையாகிறது. அதனால் நிர்வாகம் எப்போதும் நன்றாக நடக்கிறது என்று யாரும் நினைத்துவிட வேண்டாம், பார்சிலோனா பட்ட கடன் ஊரறிந்தது. ஆனால் யாரைப் பிடித்துக் கேட்பது என்பது அங்கே தெரியும்.

இங்கிலாந்திலும் இரசிகர்கள் கேள்வியைச் சரியான ஆளிடம் கொண்டுபோன நாட்கள் உண்டு. 2016 பெப்ரவரியில் லிவர்பூல் கழகம் சில ஆசனங்களுக்கு 77 பவுண் விலை வைக்கப் பார்த்தபோது, இரசிகர்கள் 77ஆவது நிமிடத்தில் ஆயிரக்கணக்கில் எழுந்து வெளியே நடந்தார்கள். சில நாட்களில் உரிமையாளர்கள் மன்னிப்புக் கேட்டு விலையைக் கைவிட்டார்கள். 2021 ஏப்ரல் 18ஆம் திகதி ஆர்சனல் உட்பட ஆறு ஆங்கிலேயக் கழகங்கள் ஐரோப்பிய சூப்பர் லீக்கில் சேர்வதாக அறிவித்தன. இரண்டே நாளில் ஆறும் பின்வாங்கின. அதே வாரம் ஆர்சனல் அரங்கின் வாசலில் ஆயிரக்கணக்கானோர் திரண்டு க்ரோங்கியை வெளியேறச் சொன்னார்கள். அவர்களுக்குள் வெங்கரை நேசித்தவனும் இருந்திருப்பான், ஏசியவனும் இருந்திருப்பான். க்ரோங்கி குடும்பம் வெளியேறவில்லை. நான்கு மாதம் கழித்து ஆர்சனல் பருவத்தின் முதல் மூன்று ஆட்டங்களிலும் ஒரு கோலும் போடாமல் தோற்று அட்டவணையின் அடியில் கிடந்தது. ஆர்ட்டேட்டாவை அனுப்பு என்ற பழைய கோஷம் மறுபடி தொடங்கியது. கழகம் அனுப்பவில்லை. 2023, 2024, 2025 என்று தொடர்ந்து மூன்று வருடம் அவருடைய அணி இரண்டாமிடம் வந்தது. இப்போது எங்கள் வகுப்புப் பொடியன்கள் இரண்டாமிடத்தைப் பற்றிச் சண்டை பிடிக்கிறார்கள்.