சிறைக்குள் போன சுவர்

அமெரிக்காவின் பிலடெல்பியா நகரத் தெருக்களில் சில பெரிய சுவரோவியங்கள் நிற்கின்றன. அவற்றுக்கு வண்ணம் தீட்டியவர்களில் பலருக்கு, சுவரில் ஏறிய பிறகு தங்கள் ஓவியத்தை நேரில் பார்க்க வழியில்லை. அவர்கள் நகரத்துக்கு வடமேற்கே சுமார் 50 கி.மீ. தள்ளியிருந்த கிரேட்டர்ஃபோர்ட் சிறையின் ஆயுள் கைதிகள். பென்சில்வேனியா மாநிலத்தில் ஆயுள் தண்டனை பெற்றவருக்குப் பொதுவாகப் பரோல் கிடையாது. சாரம் கட்டி ஏறி வரைய வேண்டிய மாடி உயரச் சுவரில் அவர்களின் கை பட்டது எப்படி? அதற்குக் காரணம் ஒரு துணியும் கொஞ்சம் வேதியியலும்தான்.

முதலில் சுவர்களின் கதை. பிலடெல்பியா தொழிற்சாலைகளின் நகரமாக இருந்தது. தொழிலாளர்களுக்காக வரிசை வரிசையாக, இரண்டு வீட்டுக்கு ஒரே பொதுச்சுவர் வைத்து வீடுகள் கட்டினார்கள். 1950இல் 20 லட்சத்தைத் தாண்டியிருந்த மக்கள்தொகை, ஆலைகள் மூடப்பட மூடப்படக் குறைந்து, 2000இல் சுமார் 15 லட்சமானது. காலியான வீடுகள் பாழடைந்தன; பல இடிக்கப்பட்டன. ஒரு வீட்டை இடித்தால் அடுத்த வீட்டின் பொதுச்சுவர் வெளியே தெரியவரும். ஜன்னல் இல்லாத, யாரும் பார்ப்பதற்காகக் கட்டாத, இரண்டு மூன்று மாடி உயரமுள்ள செங்கல் முகம். எதிரே ஒரு காலி மனை. அந்த நகரத்தின் ஓவியத் திரைகளில் பலவும் இப்படி இழப்பிலிருந்து வந்தவை.

அந்தச் சுவர்களுக்கு முதலில் வந்தது ஸ்ப்ரே கேன்தான். இளைஞர்களின் கிறுக்கலைத் தடுக்க 1984இல் மேயர் வில்சன் கூட் ஓர் அமைப்பை உருவாக்கினார். அதில் வேலைக்குச் சேர்ந்த ஜேன் கோல்டன், கலிபோர்னியாவில் சுவரோவியம் வரைந்து பழகியவர். பிடிபட்ட பிள்ளைகளிடம் கோட்டின் உறுதியும் வண்ண உணர்வும் இருப்பதைக் கண்டு, அவர்களையே சுவரோவியம் வரைய வைத்தார். 1996இல் அந்த முயற்சி தனித் திட்டமாக வளர்ந்தது. மியூரல் ஆர்ட்ஸ் என்ற பெயரில் இன்றும் இயங்குகிறது. இதுவரை உருவான ஓவியங்கள் 4,000க்கும் மேல்.

பொதுக்கலைக்குப் பணம் ஒதுக்குவதில் இந்த நகரம் முன்பே முன்னோடிதான். மறுசீரமைப்பு நிலத்தில் கட்டடம் எழுப்புகிறவர் கட்டுமானச் செலவில் குறைந்தது ஒரு சதவீதத்தைக் கலைக்குச் செலவிட வேண்டும் என்று 1959லேயே விதி வகுத்தார்கள். நகர மையத்தில் கிளேஸ் ஓல்டன்பர்க் 1976இல் நிறுத்திய 45 அடி உயரத் துணி கிளிப் சிற்பம் அப்படி வந்ததுதான். ஆனால் கட்டடம் எழுந்தால்தானே ஒரு சதவீதம் வரும்? வீடுகள் இடிந்துகொண்டிருந்த வடக்கு பிலடெல்பியாவில் அந்த விதியால் பெரிதாக எதுவும் கிடைத்திருக்காது. அந்த இடைவெளியை நிரப்பியது சுவரோவியத் திட்டம். நகராட்சி ஒரு பங்கு தரும், அறக்கட்டளைகளும் நன்கொடையாளர்களும் மீதியைத் தருவார்கள். ஓவியருக்கு ஊதியம் உண்டு. இதை அழுத்திச் சொல்லத் தோன்றுகிறது. உள்ளூர்க் கலைஞரைச் சால்வை போட்டுப் பாராட்டிவிட்டு வெறுங்கையோடு அனுப்பும் ஆதரவு ஆதரவே அல்ல.

இனி துணிக்கு வருவோம். 1990இல் கென்ட் ட்விட்செல் என்ற ஓவியர், கூடைப்பந்து வீரர் ஜூலியஸ் எர்விங்கின் உருவத்தை மூன்று மாடி உயரத்தில் பிலடெல்பியாவில் நிறுத்தினார். படத்தைச் சுவரில் வரையாமல், துணித் துண்டுகளில் தீட்டிக் கொண்டுவந்து ஒட்டினார். பாராசூட் துணி என்று ஓவியர்கள் சொல்லும் இது, நெய்யாமல் பாலியெஸ்டர் இழைகளை அழுத்திச் செய்த மெல்லிய தாள் போன்றது. சட்டைக் காலர் விறைப்பாக நிற்கத் தையல்காரர் உள்ளே வைக்கும் கேன்வாஸின் இனம். தறியில் நெய்த துணிபோல் ஓரம் பிரியாது, நனைந்தால் சுருங்காது. செங்கல்லின் மேடுபள்ளத்தோடு வளைந்து படிந்துகொள்ளும்.

அதைச் சுவரோடு சேர்ப்பது அக்ரிலிக் ஜெல். டப்பாவைத் திறந்தால் தயிர்போல் வெள்ளையாக இருக்கும். மில்லிமீட்டரில் பத்தாயிரத்தில் ஒரு பங்கு அளவுள்ள பிளாஸ்டிக் துகள்கள் நீரில் மிதப்பதால் வந்த வெண்மை அது. ஒவ்வொரு துகளின் விளிம்பிலும் ஒளி சிதறுகிறது. நீர் ஆவியாக ஆவியாகத் துகள்கள் நெருங்கி, நசுங்கி, ஒன்றோடொன்று கலக்கின்றன. விளிம்புகள் மறைந்ததும் சிதற இடமில்லாமல் ஒளி நேராக ஊடுருவுகிறது. வெள்ளை ஜெல் கண்ணாடிபோல் தெளிந்துவிடுகிறது. ஒருமுறை கலந்த துகள்கள் பிறகு எவ்வளவு மழை பெய்தாலும் நீரில் பிரிவதில்லை. துணிக்கு முன்னும் பின்னும் ஜெல்லைத் தடவினால் இழைகளுக்குள்ளும் இதுவே நடக்கும். தீட்டிய வண்ணத்தைப் பிடித்திருப்பதும் அக்ரிலிக்தான் என்பதால் சுவரும் துணியும் வண்ணமும் ஒரே படலமாகிவிடுகின்றன. கிட்டே போய்ப் பார்த்தாலும் ஒட்டியது என்று எளிதில் தெரியாது.

இந்த வேதியியலுக்கு ஒரு நிபந்தனை உண்டு. சுமார் 10 டிகிரி செல்சியஸுக்குக் கீழே குளிர்ந்தால் துகள்கள் இறுகிப்போய் ஒன்றோடொன்று கலக்க மறுக்கும். பிலடெல்பியாவின் குளிர்காலத்தில் வெளிச்சுவரில் வேலையே நடக்காது. துணி வந்த பிறகு மார்கழியிலும் மாசியிலும் ஓவியம் வீட்டுக்குள், பள்ளிக்குள், முதியோர் மையத்துக்குள் வளர்கிறது. வசந்தம் வந்ததும் சுவருக்குப் போகிறது.

இங்கேதான் என்னை அதிகம் வியக்கவைக்கும் திருப்பம். ஓவியர் படத்தைச் சதுரங்களாகப் பிரிக்கிறார். ஒவ்வொன்றும் ஏறக்குறைய ஐந்தடி. கோடுகளுக்கு இடையே எண்கள். எந்த எண்ணுக்கு எந்த வண்ணம் என்று பட்டியல். சதுரத்தை மேசையில் விரித்தால் தூரிகை பிடிக்கத் தெரிந்த எவரும் தீட்டலாம். சாரம் ஏற முடியாத பாட்டி தீட்டலாம், எட்டு வயதுக் குழந்தை தீட்டலாம், வெளியே வர முடியாத கைதியும் தீட்டலாம். அதற்கும் முன்னால் தெருக்காரர்களைக் கூட்டி, இங்கே என்ன படம் வேண்டும் என்று கேட்கும் கூட்டங்கள் நடக்கும். அவற்றில் வாக்குவாதமும் நடக்கும்.

அப்படி 2004இல் உருவானவை ‘ஹீலிங் வால்ஸ்’ என்ற இரு சுவரோவியங்கள். ஒன்று கைதிகளின் பயணம், மற்றொன்று குற்றங்களால் பாதிக்கப்பட்டவர்களின் பயணம். கிரேட்டர்ஃபோர்ட் கைதிகளும், குற்றங்களில் உறவினரைப் பறிகொடுத்தவர்களும் ஒரே திட்டத்தில் சேர்ந்தார்கள். படத்தில் எது இடம்பெற வேண்டும் என்பதில் இரு தரப்புக்கும் மோதல் வந்தது. ஓர் ஓவியத்தில் இரண்டு வலிகளையும் அடைக்க முடியாமல்தான் இரண்டாயின. அந்தப் பேச்சும் பிணக்கும் ஓர் ஆவணப்படமாக 2009இல் வெளிவந்தது. கிரேட்டர்ஃபோர்ட் சிறை 2018இல் மூடப்பட்டது.

இதனால் தெருவுக்கு என்ன பயன் என்று கேட்பது நியாயம். மியூரல் ஆர்ட்ஸ் நகரத்தின் மனநலத் துறையோடு சேர்ந்து செய்த ஓவியங்களை யேல் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் பின்தொடர்ந்து 2013இல் அறிக்கை தந்தார்கள். ஓவியம் வந்த பகுதிகளில் அக்கம்பக்கத்தார் ஒருவரையொருவர் நம்புவது மற்ற பகுதிகளைவிடக் கூடியிருந்தது. மனநோய் பற்றிய இழிவுணர்வு குறைந்திருந்தது. வறுமையை ஓவியம் ஒழித்துவிடும் என்று யாரும் சொல்லவில்லை. ஆனாலும் அளந்து காட்டும் அளவுக்கு ஒரு சுவர் மனிதரை அசைத்திருக்கிறது.

ஓவியத்துக்கு வயது உண்டு. புற ஊதாக் கதிர் நிறமூலக்கூறுகளின் பிணைப்புகளை உடைக்கிறது. கரிமச் சிவப்பும் மஞ்சளும் முதலில் வெளிறும், காவி நிறங்கள் நீண்டநாள் தாங்கும். அந்த அட்சரேகையில் தெற்கு நோக்கிய சுவர்தான் வெயிலை அதிகம் வாங்கும். செங்கல்லுக்குள் புகுந்த நீர் குளிரில் உறையும்போது சுமார் 9 சதவீதம் விரிந்து சுவரைப் பிளக்கும். பூச்சும் பழுதுபார்ப்பும் இருந்தால் 20, 30 ஆண்டுகள் தாங்கும்.

இவற்றையெல்லாம் தாண்டி நிற்கும் ஓவியத்துக்கு வேறோர் ஆபத்து வருகிறது. பகுதி மீண்டு, மனை விலை ஏறி, காலி மனையில் புதுவீடு எழுகிறது. ஓவியம் அதன் பின்னால் மறைகிறது. சுவரோடு ஒன்றாகிவிட்ட படலத்தை முழுசாக உரித்தெடுக்க முடியாது. மனைக்காரருக்குக் கட்ட உரிமை இருக்கிறது. அந்தப் படத்தில் தன் மகனின் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்த தாய்க்கு என்ன உரிமை என்று எந்தச் சட்டமும் சொல்வதில்லை. அதனால் இப்போது புதிய சுவரைத் தேர்ந்தெடுக்கும்போது, அது ஈரம் கோக்காத சுவரா என்று பார்ப்பதோடு, எதிர் மனை யாருடையது, அங்கே என்ன எழப்போகிறது என்றும் விசாரிக்க வேண்டியிருக்கிறது.