ஒரு சஹனைச் சுற்றி ஐவர்



வெளிநாட்டு மாணாக்கரை உணவகமொன்றுக்கு அழைத்துச் சென்று விருந்தளிப்பதில் ஆசிரியனுக்கு என்ன வேலை இருக்கிறது என்று நீங்கள் வினவக்கூடும். இடத்தை ஒழுங்கு செய்து, தலைகளை எண்ணி, பணத்தைச் செலுத்தினால் கடமை முடிந்தது என்றே நானும் நெடுநாள் எண்ணியிருந்தேன். அவ்வெண்ணம் பிழையானது என்பதைச் சில ஆண்டுகளுக்கு முன் கல்முனையில் ஒரு நண்பகல் வேளையில் கற்றுக்கொண்டேன்.

கொழும்பிலுள்ள கல்வி நிலையமொன்றின் விடுதியில் தங்கிப் பயிலும் பிறநாட்டு மாணாக்கர் பன்னிருவரை, என் நண்பரான ஆசிரியர் ஒருவர் கல்லோயாத் திட்டத்தைக் காட்டுவதற்காக எங்கள் பகுதிக்கு அழைத்து வந்தார். பட்டிப்பளை ஆறு எனத் தமிழர் வழங்கும் அவ்வாற்றை மறித்து, 1949ஆம் ஆண்டு தொடங்கப்பெற்ற அத்திட்டத்தின் நீரால் விளைந்த நெல்லை அவர்கள் உண்டும் பார்க்கட்டும் என்று விரும்பி, நான் சஹன் விருந்துக்கு ஏற்பாடு செய்தேன்.

சஹன் என்பது தட்டைக் குறிக்கும் அரபுச் சொல். கல்முனை, சாய்ந்தமருது, நிந்தவூர், அக்கரைப்பற்று முதலிய இக்கரையோர முஸ்லிம் ஊர்களில் திருமணத்திலும் கந்தூரியிலும் பாய் விரித்து, வெள்ளைத் துணி பரப்பி, அதன் நடுவே வட்டமான பெருந்தட்டில் நெய்ச்சோற்றைக் குவித்து வைப்பர். இறைச்சிக்கறியும் கத்தரிக்காயும் அச்சாறும் சூழ்ந்திருக்கும். கெண்டியும் படிக்கமும் வலம் வர, இருந்த இடத்திலேயே கைகழுவி, நால்வர் ஐவராகத் தட்டைச் சுற்றி அமர்வர். ஒரே தட்டெனினும் எல்லை உண்டு. வலக்கையால் உண்ண வேண்டும். தனக்கு முன்னுள்ள பகுதியிலிருந்தே எடுக்க வேண்டும். நபிகள் நாயகம் தம் வளர்ப்பில் இருந்த ஒரு சிறுவனுக்கு உணவு வேளையிலேயே கற்பித்த ஒழுங்கு இது. ஆணும் பெண்ணும் ஒரே சஹனில் அமரும் வழக்கம் இங்கில்லையாதலால், மாணவியர் நால்வரை எங்கள் பாடசாலை ஆசிரியை ஒருவருடனும், மாணவர் எண்மரை நண்பருடனும் என்னுடனுமாக அமர்த்தினோம். சஹனுக்கு ஐவர், மூன்று சஹன்கள்.

என் சஹனில் ஒருவரும் கைவைக்கவில்லை. விருந்தினர் தொடங்கட்டும் என்று நான் காத்திருந்தேன். எனக்கு எதிரேயிருந்த கொரிய மாணவனோ என்னையே பார்த்தவண்ணம் இருந்தான். முதியவர் உண்ணத் தொடங்குமுன் இளையோர் தொடங்கலாகாது என்பது அவன் நாட்டு மரபு என்று நண்பர் அடுத்த சஹனிலிருந்து குரல் கொடுக்கும்வரை, நெய்ச்சோறு ஆறிக்கொண்டிருந்தது. இரு நாட்டு மரியாதைகளும் ஒன்றையொன்று மறித்து நின்ற காட்சியை எண்ணினால் இன்றும் எனக்குச் சிரிப்பு வருகிறது.

மாலைதீவு மாணவன் ஒருவன் சம்பலை வாயிலிட்டவுடன் முகம் மலர்ந்தான். அவித்து, புகையூட்டி, வெயிலில் உலர்த்திய அவன் நாட்டுச் சூரைமீனே நாம் இடித்துச் சேர்க்கும் மாசி. 1343ஆம் ஆண்டு மாலைதீவை அடைந்து, மறு ஆண்டு இலங்கைக்கும் வந்த பயணி இப்னு பதூதா அம்மீனைக் குறித்தும் எழுதியுள்ளார். ஆறு நூற்றாண்டுக்கு மேற்பட்ட கடல் வணிகத்தை அம்மாணவனுக்கு அவன் நாவே சொல்லிக்கொடுத்தது.

மாணவியரின் சஹனில் மட்டும் ஒரு கை மடியிலேயே கிடந்தது. நேபாளத்திலிருந்து வந்த பெண் அவள். ஒருவர் வாய்பட்ட உணவைப் பிறர் உண்ணலாகாது என்னும் விலக்கு அந்நாட்டில் உண்டு. நாம் எச்சில் என்பதை அவர்கள் ஜூட்டோ என்பர். வாய்க்குச் சென்ற கை மீண்டும் தட்டுக்கு வருவதே அவளுக்குக் கூச்சத்தைத் தந்தது. மேலும் அவள் புலால் உண்ணாதவள். தட்டின் நடுவிலிருந்ததோ மாட்டிறைச்சி. வருவோர் எத்தனை பேர் என்று நண்பரிடம் கேட்ட நான், அவர்கள் எதை உண்பார்கள் என்று கேட்கவில்லை. "கொஞ்சம் ருசி பார், மகள்" என்று எங்கள் ஆசிரியை அன்பு மிகுதியால் வற்புறுத்த, அப்பெண்ணின் கண் கலங்கிவிட்டது. வற்புறுத்துவதே உபசாரம் என்பது நம் ஊர்க் கொள்கை. அதை அறியாதவர்க்கு அது தண்டனை.

தனித்தட்டில் மரக்கறி ஆக்கித் தர இயலுமா என்று கடை முதலாளியிடம் கேட்டேன். அவர் தலையசைத்தார். "எங்கட சட்டி பானையெல்லாம் இறைச்சி பட்டது, சேர். அதில் ஆக்கிப்போட்டு, மரக்கறிச் சாப்பாடுதான் என்று அந்தப் பிள்ளைக்குச் சொல்ல ஏலாது" என்றார். பின்னர் தம் பையனை அழைத்து, தமிழர் பகுதியிலுள்ள சைவக்கடைக்கு அனுப்பினார். 1990ஆம் ஆண்டின் கொந்தளிப்பில், இரு சமூகத்தாரும் ஒருவர் தெருவை ஒருவர் கடக்க அஞ்சிய நாள்களைக் கண்டவன் நான். அப்பையனோ கால் மணிநேரத்தில் சைக்கிளில் திரும்பினான். வாழையிலைப் பொதியில் சோறும் பருப்பும் கீரையும் வந்தன. பிறநாட்டுப் பெண்ணுக்கென்று அறிந்து, சைவக்கடைக்காரர் உறைப்பைக் குறைத்திருந்தார்.

இப்பொழுதெல்லாம் விடுதி மாணாக்கர் வருவதாயின், இரு வாரங்களுக்கு முன்பே கடிதம் எழுதிவிடுகிறேன். எதை உண்ணார், எது உடலுக்கு ஒவ்வாது, பொதுத் தட்டில் உண்ண உடன்பாடுண்டா என்பன கேட்கிறேன். சஹனுக்கு அருகே தனித்தட்டுகளும் வைக்கச் சொல்கிறேன். அவற்றை எடுப்பவரிடம் காரணம் கேட்பதில்லை. ஊரவர்க்கும் முன்கூட்டியே சொல்லி வைக்கிறேன். உண்மையில், விருந்தினரைவிட அவர்களுக்கு விளக்குவதே கடினமான வேலை.

அன்று இறுதியில் வட்டிலப்பம் வந்தது. முட்டை சேர்ந்ததாகையால் அப்பெண்ணுக்கு அதுவும் ஆகாது. முதலாளி மண்சட்டியில் உறைந்த எருமைத்தயிரையும் கித்துள் பாணியையும் அவள்முன் வைத்தார். அவள் சட்டியைச் சாய்த்துப் பார்த்தாள், தயிர் அசையவில்லை. தங்கள் ஊரான பக்தபூரிலும் எருமைப்பாலை இவ்வாறே மண்சட்டியில் உறையவைப்பர் என்றும், அதற்கு அரசத்தயிர் என்று பெயர் என்றும் சொல்லி, கரண்டியைக் கையிலெடுத்தாள். புறப்படும்போது அந்த வெறுஞ்சட்டியைக் கேட்டு வாங்கி, கழுவித் துடைத்து, தன் பையில் வைத்துக்கொண்டாள்.