இதயத்தைத் தேடிய ஸ்கேனில் நுரையீரல் ஏன் தெரிகிறது?

இதய சி.டி. ஸ்கேன் எடுப்பது கொரோனரி ரத்தக் குழாய்களில் அடைப்பு உண்டா என்று பார்க்கத்தான். ஆனால் எக்ஸ்ரே கதிர்கள் மார்பின் முழு அகலத்தையும் ஊடுருவிச் செல்வதால், நுரையீரலின் பெரும்பகுதி, உணவுக்குழாய், பெருந்தமனி, முதுகெலும்பு, கல்லீரலின் மேற்பகுதி எல்லாமே சேர்ந்து பதிவாகிவிடுகின்றன. நுண்விவரம் வேண்டி, கணினி முதலில் இதயத்தை ஒட்டிய சிறு வட்டத்தை மட்டும் படமாக்குகிறது. அதே பதிவை அகலமாக மறுபடி அமைத்தால் மற்றவையும் தெரியும். கூடுதல் கதிர்வீச்சு கிடையாது.

சில சமயம் நோயாளியின் தொல்லைக்கான விடையே இதயத்துக்கு வெளியே தெரியும் இந்தப் பகுதிகளில்தான் இருக்கும். திருவண்ணாமலையில் 14 கி.மீ. கிரிவலப் பாதையின் நடுவில் ஒருவருக்கு மூச்சு வாங்கினால் இதயம் காரணமாகலாம். நுரையீரல் தமனியில் சிக்கிய ரத்தக் கட்டியும் காரணமாகலாம். நெஞ்சு வலிக்கோ, இரைப்பை மேலே பிதுங்கும் ஹையாட்டஸ் ஹெர்னியா போதும்.

அதிகம் குழப்புவது நுரையீரல் முடிச்சு, அதாவது ஸ்கேனில் நுரையீரலுக்குள் சிறு உருண்டையாகத் தெரியும் புள்ளி. காசநோய் இன்னும் ஓயாத நாட்டில் அது பழைய தொற்று ஆறிய தழும்பாக இருப்பது சகஜம். முழுக்கச் சுண்ணாம்பு படிந்திருந்தால் பெரும்பாலும் கவலையில்லை. மார்புக் கதிரியக்க நிபுணர்களின் அமைப்பான ஃபிளைஷ்னர் சங்கத்தின் 2017 வழிகாட்டுதல்படி, 35 வயதைக் கடந்த, புற்றுநோய் அபாயம் குறைந்தவருக்கு 6 மி.மீ.க்குக் குறைவான திட முடிச்சு இருந்தால் வழக்கமான மறு ஸ்கேன் வேண்டாம். 8 மி.மீ.க்கு மேல் என்றால் மூன்று மாதத்தில் மறு சி.டி., பெட் ஸ்கேன், திசுப் பரிசோதனை ஆகியவற்றில் ஒன்று பரிசீலிக்கப்படும். இங்கேதான் சிக்கல்: சர்க்கரையை அதிகம் உறிஞ்சும் திசுக்களை ஒளிரக் காட்டும் பெட் ஸ்கேனில் காசநோயும் புற்றுநோயைப் போலவே ஒளிரலாம். அதனால் ஊசியால் திசு எடுத்துப் பார்த்தே பல நேரம் முடிவு செய்ய வேண்டியிருக்கிறது.