பழைய லொறிக்கு வெப்பமானி: எங்கே பூட்டுவது, எப்படி வாசிப்பது

சீனக்குடாவில் பிரீமா ஆலையின் மாவையும் டோக்கியோ சீமெந்து ஆலையின் மூட்டைகளையும் ஏற்றிக்கொண்டு புறப்படும் லொறிக்கு, கந்தளாய், ஹபரணை, தம்புள்ளை வரை பெரிய ஏற்றம் இல்லை. மாத்தளை தாண்டிக் கண்டிக்கு ஏறும்போதுதான் எஞ்சின் உண்மையாகச் சுமக்கத் தொடங்கும். திரும்பி வரும்போது வேறொரு சிக்கல். கச்சான் காலத்தில் தென்மேற்கிலிருந்து வீசும் சூடான வறண்ட காற்று, துறைமுகத்தை நோக்கி வரும் வாகனத்தின் முதுகில் அடிக்கும். றேடியேற்றருக்குள் புகும் காற்று அந்த அளவுக்குக் குறையும்.

இந்த இரண்டு நேரத்திலும் ஓட்டுநருக்குத் தேவை ஓர் எண். பழைய லொறிகளின் மீற்றரில் பெரும்பாலும் எண் இருக்காது. குளிருக்கு ஒரு கோடு, சூட்டுக்கு ஒரு கோடு, நடுவே ஒரு முள். முள் நடுவில் நின்றால் அது 80 பாகையா 95 பாகையா என்று தெரியாது. சிவப்பைத் தொடும் நேரத்தில் ஹெட் கெஸ்கட் போயிருக்கலாம், சிலிண்டர் ஹெட்டும் வளைந்திருக்கலாம். ஒரே லொறியை நம்பி வாழும் குடும்பத்துக்கு அது பல மாத உழைப்பு. அதனால்தான் எண் காட்டும் வெப்பமானி ஒன்றைத் தனியாகப் பூட்டச் சொல்கிறேன்.

எந்த வகை?

கடையில் இரண்டு வகை கிடைக்கும். ஒன்று மெல்லிய செப்புக் குழாயோடு வருவது. அதன் நுனிக் குமிழில் உள்ள திரவம் சூடாகி ஏற்படுத்தும் அழுத்தம் முள்ளை நகர்த்தும். மின்சாரமே வேண்டாம். ஆனால் குழாயை வெட்டவோ மடக்கவோ முடியாது. ஒருமுறை உடைந்தால் முழுக் கருவியும் வீண். மற்றது சென்சரும் வயரும் கொண்ட மின் வகை.

முன்னால் பொனற் உள்ள பழைய டாட்டாவுக்குக் குழாய் வகை நன்றாகப் பொருந்தும். கபினைத் தூக்கி வேலை செய்யும் கன்ரர், எல்ஃப் போன்றவற்றில் கபின் தூக்கும்போதெல்லாம் குழாய் வளையும் என்பதால் மின் வகையே நல்லது. வாங்குமுன் லொறி 12 வோல்ற்றா 24 வோல்ற்றா என்று பாருங்கள். 24 வோல்ற் லொறியில் இரண்டு பற்றரிகளில் ஒன்றிலிருந்து மட்டும் 12 வோல்ற் எடுக்கக் கூடாது. அந்தப் பற்றரி குறைந்துகொண்டே போக, மற்றது அளவுக்கு மிஞ்சிச் சார்ஜ் ஆகி, இரண்டும் கெடும்.

சென்சரின் இடம்

வேலையின் உயிர் இதுதான். சென்சரின் நுனி தெர்மோஸ்டாட்டுக்கு முன்னே, எஞ்சின் பக்கத்தில், ஓடும் தண்ணீருக்குள் இருக்க வேண்டும். பல சிலிண்டர் ஹெட்டுகளிலும் தெர்மோஸ்டாட் கூட்டிலும் ஆணி போட்டு அடைத்த துளை ஒன்று இருக்கும். முதலில் அதைத் தேடுங்கள்.

மேல் ஹோஸை வெட்டி இடையே உலோகத் துண்டு பூட்டுவது சுலபம். ஆனால் தெர்மோஸ்டாட் திறக்காமல் இறுகிப்போனால் அங்கே சூடான தண்ணீர் வராது. எஞ்சின் வேகும்போதும் முள் அமைதியாக நிற்கும். வேறு வழி இல்லாமல் அங்கே பூட்டினால், அந்தத் துண்டுக்குத் தனி எர்த் வயர் கொடுங்கள். ரப்பர் ஹோஸ் மின்சாரத்தைக் கடத்தாது.

மரை விடயத்தில் கவனம் வேண்டும். யப்பானிய எஞ்சின்களில் வழக்கமான கால் அங்குலம், எட்டில் ஓர் அங்குலக் கூம்பு மரைகள் 55 பாகைக் கோணம் கொண்டவை. அமெரிக்க மரை 60 பாகை. எட்டில் ஓர் அங்குல அளவில் ஓர் அங்குலத்துக்கு முன்னதில் 28 சுற்று, பின்னதில் 27. ஒன்றை மற்றதில் பூட்டினால் கையால் சில சுற்று ஏறும், பிறகு இறுகும். அதை வலுக்கட்டாயமாக முறுக்கினால் ஒழுகும், அல்லது வார்ப்பு வெடிக்கும். மரையில் வெள்ளை ரேப்பை அதிகம் சுற்றினால் சென்சருக்கு எர்த் கிடைக்காமல் போகலாம்; திரவப் பசை மேல்.

பூட்டும் ஒழுங்கு

எஞ்சின் நன்றாக ஆறிய பிறகு, துளையின் மட்டத்துக்குக் கீழே இறங்கும்வரை தண்ணீரை வடியுங்கள். சென்சரைப் பூட்டி, சாவி திறக்கும்போது மட்டும் மின் வரும் வயரிலிருந்து சிறிய பியூஸ் வைத்து இணைப்பு எடுங்கள். வயரோ குழாயோ கபினுக்குள் நுழையும் துளையில் ரப்பர் வளையம் கட்டாயம். சைலன்சர் குழாயிலிருந்து விலக்கிக் கட்டுங்கள். பிறகு தண்ணீர் நிரப்பி, மூடியைத் திறந்தபடி எஞ்சினை ஓட விட்டுக் காற்றை வெளியேற்றுங்கள்.

கிணற்றுத் தண்ணீரைத் தவிர்ப்பது நல்லது. வறண்ட வலயத்தின் நிலத்தடி நீரில் சுண்ணாம்பு அதிகம். அது றேடியேற்றர் குழாய்களில் படிந்து வழியை அடைக்கும். வடித்த நீரோடு கூலன்ற் கலந்து ஊற்றுங்கள்.

குழாய் வகையைப் பூட்டுமுன் அதன் குமிழைக் கொதிக்கும் தண்ணீரில் பிடித்துப் பாருங்கள். திருகோணமலை கடல் மட்டத்தில் இருப்பதால் முள் 100 காட்ட வேண்டும். இதையே நுவரெலியாவில் செய்தால் சுமார் 94 தான் வரும்.

எண்ணை வாசித்தல்

பல டீசல் எஞ்சின்களில் தெர்மோஸ்டாட் 82 பாகை அளவில் திறக்கத் தொடங்கும். வெறும் லொறி சமதரையில் ஓடும்போதும், முழுப் பாரத்தோடு ஏறும்போதும் முள் எங்கே நிற்கிறது என்று எழுதி வையுங்கள். அதுவே உங்கள் லொறியின் வழமை. அதே வீதியில் அதே பாரத்தோடு ஒரு நாள் ஐந்தாறு பாகை கூடினால், விசிறிப் பெல்ற், றேடியேற்றர், தண்ணீர்ப் பம்ப் ஆகியவற்றைப் பார்க்கும் நேரம் வந்துவிட்டது.

றேடியேற்றர் மூடி 0.9 பார் அழுத்தம் தாங்கினால் தண்ணீர் ஏறக்குறைய 119 பாகை வரை கொதிக்காது. மூடியின் ரப்பர் கெட்டிருந்தால் 100 பாகையிலேயே கொதிக்கும். வெப்பமானியோடு ஒரு புது மூடியும் வாங்குங்கள்.

சூடு ஏறுகிறது என்று தெர்மோஸ்டாட்டைக் கழற்றி எறிவது நம் பக்கத்தில் வழக்கம். அது தவறு. எஞ்சின் குளிர்ந்தே ஓடினால் டீசல் சரியாக எரியாது, தேய்மானம் கூடும். சில எஞ்சின்களில் சுற்றுவழி மூடப்படாமல் தண்ணீர் றேடியேற்றருக்குப் போகாமலே திரும்பி, சூடு இன்னும் ஏறும்.

கடைசியாக ஒன்று. ஏறிக்கொண்டிருந்த முள் காரணமில்லாமல் சட்டென்று விழுந்தால் மகிழ வேண்டாம். தண்ணீர் வடிந்து சென்சர் காற்றில் தொங்கலாம். உடனே ஓரம் கட்டி எஞ்சினை நிறுத்துங்கள். மாறாக, முள் ஏறுகிறது, தண்ணீர் ஒழுகவில்லை என்றால், நின்ற இடத்தில் எஞ்சினை மெதுவாகச் சிறிது நேரம் ஓட விட்டு ஆற்றிய பிறகு நிறுத்துங்கள். இரண்டிலும் எஞ்சின் ஆறும்வரை றேடியேற்றர் மூடியில் கை வைக்காதீர்கள். லொறியை வேறு ஓட்டுநரிடம் கொடுக்கும்போது அதன் வழமை எண்ணையும் சேர்த்தே சொல்லிக் கொடுங்கள். அந்த எண் தெரியாதவருக்கு வெப்பமானி பயன்படாது.