வாகனம் விலகிய வீதிகள்

இத்தாலியின் வடபாகத்திலுள்ள பொலோன்யா நகரம், 1088-ஆம் ஆண்டில் தோன்றியதாகக் கருதப்படும் தன் பல்கலைக்கழகத்தால் எவ்வளவு கீர்த்தி பெற்றதோ, அவ்வளவு கீர்த்தியை, வெயிலும் மழையும் மேலே படாமல் மனிதன் வெகுதூரம் நடந்து செல்ல உதவும் தன் தூண் தாழ்வாரங்களாலும் பெற்றது. நடுநகரில் மட்டும் 38 கிலோமீட்டருக்குக் குறையாத இத்தாழ்வாரங்களை 2021-ல் யுனெஸ்கோ உலக பாரம்பரியச் சின்னமாக ஏற்றது. இவ்வாறு நடப்பவனை மனத்தில் வைத்தே எழுப்பப்பட்ட நகரத்தில், இரண்டாம் உலக யுத்தத்துக்குப் பின் கார்கள் பெருகிப் பெருகி, சதுக்கங்களெல்லாம் வண்டி நிறுத்தும் மைதானங்களாக மாறி, நடப்பவனே ஒதுங்கிப் போக வேண்டிய விபரீதம் நேர்ந்தது.

இந்த வியாதிக்குச் சிகிச்சை தேடிய இத்தாலிய நகரங்களில் முந்திக்கொண்டது சியேனா. அங்குள்ள பியாட்சா டெல் காம்போ என்னும் பெரிய சதுக்கத்திலிருந்து 1962-ல் கார்கள் விலக்கப்பட்டன; அடுத்த சில ஆண்டுகளில் மதிலுக்குட்பட்ட பழைய நகருக்கும் அத்தடை பரவியது. பொலோன்யாவோ தன் பிரஜைகளையே கேட்டது. 1984 ஜூன் மாதம் நடந்த வாக்கெடுப்பில், ஏறத்தாழ 70 சதவீதம் பேர் சொந்த வாகனங்களை நடுநகரிலிருந்து விலக்கச் சம்மதித்தார்கள். ஜனங்களின் அபிப்பிராயம் இத்தனை தெளிவாக வெளிப்பட்ட பிறகும், எல்லை வாயில்களைக் காக்கும் ‘சிரியோ’ என்னும் காமிரா அமைப்பு 2005-ல்தான் நிலையாக வேலை செய்யத் தொடங்கியது. இடையில் கழிந்தவை இருபது ஆண்டுகளுக்கும் மேல்.

சட்டம் இயற்றுவதற்கும் அதை நடத்திக் காட்டுவதற்கும் உள்ள தூரம் அது. தடைப் பலகையை ஒரே நாளில் நட்டுவிடலாம். ஆனால் அதன் அருகே நிற்கும் காவலரிடம், ஐந்து நிமிஷ வேலைதான் என்று ஒருவரும், கடைக்குச் சரக்கு இறக்க வேண்டும் என்று ஒருவரும், தாம் இன்னாருக்கு வேண்டியவர் என்று மற்றொருவரும் வந்து நின்றால், அவர் எத்தனை நேர்மையானவராயினும், மாலைக்குள் விதி தளர்ந்துவிடும். விதிக்குப் பணிந்து காரை வெளியே விட்டு நடந்து வந்தவன், பணியாதவனின் கார் தன்னை உரசிக்கொண்டு செல்வதைக் கண்டால், மறுநாள் அவனும் பணியமாட்டான். ஆகையால் தாட்சண்யம் அறியாத ஒரு கண் வாயிலில் இருப்பதை நான் குறையாக எண்ணவில்லை. அது ஏழைக்கும் தனவந்தருக்கும் ஒரே மாதிரி நீதி செய்கிறது.

அந்தக் கண்ணுக்கும் சட்டம் ஒரு வரம்பு கட்டியிருக்கிறது. 1992-ஆம் வருஷத்துச் சாலை விதித்தொகுப்பு, எந்த எந்த வீதிகளைக் கட்டுப்பாட்டுப் பகுதியாக அறிவிப்பது என்ற அதிகாரத்தை நகராட்சிகளுக்குக் கொடுத்தது. 1999-ல் வெளியான ஆணையோ, காமிரா வைக்க மத்திய அமைச்சகத்தின் அனுமதி வேண்டும் என்றும், விதியை மீறிய வாகனத்தின் படத்தை மட்டுமே பதியலாம் என்றும் நிபந்தனை விதித்தது. பொலோன்யாவில் காலை 7 மணி முதல் இரவு 8 மணி வரை வாயிலைக் கடக்கும் ஒவ்வொரு வண்டியின் எண்ணும் வாசிக்கப்பட்டு, அனுமதிப் பட்டியலுடன் ஒப்பிடப்படுகிறது. உள்ளே குடியிருப்போர், உடல் ஊனமுற்றோருக்கான அனுமதி அட்டை பெற்றோர், குறித்த நேரத்தில் சரக்கு கொண்டுவருவோர், அங்குள்ள விடுதிகளில் தங்குவோர் ஆகியோருக்கு, எண் முன்கூட்டிப் பதிவாகியிருந்தால், இடையூறு இல்லை. விலக்கு இல்லாத சட்டம் கொடுமை. ஆனால் கேட்டவர்க்கெல்லாம் விலக்கு அளித்தால் சட்டம் இருந்தும் பயனில்லை. நிர்வாகத்தின் திறமையெல்லாம் இந்தப் பட்டியலை எத்தனை சிறியதாகவும் நியாயமாகவும் வைத்துக்கொள்கிறார்கள் என்பதில்தான் இருக்கிறது.

2012 முதல், வார இறுதியில், ரிட்சோலி, ஊகோ பாஸ்ஸி, இந்திபெந்தென்ஸா என்ற மூன்று பெருவீதிகளிலிருந்து பஸ்களும் மோட்டார் சைக்கிள்களும்கூட விலக்கப்படுகின்றன. அந்த இரண்டு நாட்களும் அகலமான ராஜபாட்டை முழுவதும் நடப்போருக்கும் சைக்கிள்காரருக்குமே உரியது.

வண்டி நிறுத்தும் விஷயம் வேறு விதமானது. வாயிற் காமிராவுக்கு, கடந்து செல்லும் வண்டி தெரியும். உள்ளே போய்ச் சக்கர நாற்காலிக்கான சரிவின்மீது நின்றுவிட்ட வண்டி தெரியாது. அதைக் காண மனிதர்தான் தெருத்தெருவாக நடக்க வேண்டும். இத்தாலியில் வெள்ளைக் கோட்டுக்குள் இலவசமாக நிறுத்தலாம். நீலக் கோட்டுக்குள் கட்டணம். மஞ்சள் கோடு தனி உரிமை உடையோருக்கு. இக்கோடுகளை மேற்பார்க்கப் போலீஸாரே போதாதென்று கண்டு, 1997-ஆம் வருஷத்துச் சட்டம் ஒன்று, வண்டி நிறுத்துமிடங்களை நடத்தும் ஸ்தாபனங்களின் ஊழியர்களுக்கு நிறுத்தல் குற்றங்களைப் பதியும் அதிகாரத்தையும், பஸ் நிர்வாகப் பரிசோதகர்களுக்கு பஸ் பாதையில் ஊடுருவும் வண்டிகள்மீது நடவடிக்கை எடுக்கும் அதிகாரத்தையும் அளித்தது. பிறர் வழியை அடைத்து நிற்கும் வண்டியை இழுத்துச் சென்றுவிடுகிறார்கள். அதை மீட்கும் செலவு உரிமையாளரைச் சார்ந்தது.

அபராதம் நகராட்சிகளின் பேராசையால் பிறந்தது என்று அங்கேயும் முணுமுணுப்பவர் உண்டு. அந்தச் சந்தேகத்தை அலட்சியம் செய்வது சரியன்று. பணத்துக்காகவே விதி இருக்கிறது என்ற எண்ணம் வேரூன்றினால் விதிக்கு மரியாதை போய்விடும். இதனால்தான் வசூலில் குறைந்தது பாதியை, சாலைப் பாதுகாப்புக்கும் அறிவிப்புப் பலகைகளுக்கும் கண்காணிப்புக்குமே செலவிட வேண்டுமென்று அந்நாட்டுச் சட்டம் கட்டளையிடுகிறது. கட்டளை மட்டும் போதாது. வரவு செலவைக் குடிமக்கள் கண்முன் ஆண்டுதோறும் வைப்பதும், எல்லையைத் தூரத்திலிருந்தே தெரியும்படி குறிப்பதும், எல்லைக்கு வெளியே காரை விட்டுவர இடமும் உள்ளே செல்ல பஸ்ஸும் ஏற்படுத்துவதும் அரசின் கடமை. இவற்றைச் செய்யாத நகரம் அபராதச் சீட்டு அனுப்பினால், அது வசூலே தவிர ஒழுங்கு ஆகாது.

இத்தாலிக்குச் சென்று வாடகைக் காரில் பிரயாணம் செய்ய நினைக்கும் வாசகர்கள் இதைக் கவனத்தில் கொள்ள வேண்டும். வெள்ளை வட்டத்தைச் சுற்றிச் சிவப்பு வளையம் வரைந்த பலகையைப் பழைய நகர வாயிலில் கண்டால், அதன் கீழுள்ள நேரத்தைப் படிக்காமல் உள்ளே திரும்பாதீர்கள். தங்கும் விடுதி உள்ளே இருந்தால், காரின் எண்ணைப் பதிவு செய்யும்படி புறப்படுமுன்பே கேளுங்கள். வெளிநாட்டில் வசிப்போருக்கு அபராத அறிவிப்பை அனுப்ப 360 நாள் வரை அவகாசம் உண்டு. குறைந்த பட்ச அபராதம் 83 யூரோ. உங்கள் விலாசத்தைப் போலீஸாருக்குத் தெரிவித்ததற்காக வாடகை நிறுவனம் வசூலிக்கும் கட்டணம் இதற்குப் புறம்பானது. எல்லைக்கு வெளியே காரை விட்டுவிட்டு நடந்தே போங்கள். அந்த நகரங்கள் நடப்பதற்காகவே கட்டப்பட்டவை.